வெளிநாட்டுப் பள்ளிகளில் வேதியியல் நிகழ்ச்சி: எதைக் கொண்டுபோகலாம்?

படிகம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியல் முதுகலை மாணவி. வரும் விடுமுறையில் எங்கள் துறை மாணவர்கள் சிலர் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள பள்ளிகளில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கு வேதியியலில் ஆர்வமூட்டும் நிகழ்ச்சிகளை நடத்தவிருக்கிறோம். எளிதில் தீப்பற்றும் மெத்தனால் என்ற ஆல்கஹாலில் உலோக உப்புகளைக் கரைத்து எரிக்கும் வண்ணச் சுடர், திரவ நைட்ரஜன், ஈய அயோடைடு படிகங்கள் பொன்னிறத்தில் உதிரும் சோதனை, ஹைட்ரஜன் பெராக்சைடு நுரை ஆகியவை இப்போதைய பட்டியலில் உள்ளன. அப்பள்ளிகளில் ஆய்வக வசதி மிகக் குறைவு; நாங்கள் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்ல ஒருவர் உடனிருப்பார். இவற்றில் எவற்றை எடுத்துச் செல்லலாம்? நாங்கள் திரும்பிய பிறகும் பயன் தரும்படி நிகழ்ச்சியை எப்படி அமைப்பது?

குடுவை:
பட்டியலில் உள்ள முதல் சோதனையை இன்றே நீக்கிவிடுங்கள். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ, டென்வர் ஆகிய இரு நகரங்களில், மெத்தனாலை வைத்துச் செய்துகாட்டியபோது தீப்பற்றிப் பார்வையாளர்கள் காயமடைந்தனர்; அந்நாட்டின் வேதிப் பாதுகாப்பு வாரியம் அதே ஆண்டில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. சுடர் தணிந்துவிட்டது என்று எண்ணிப் பெரிய புட்டியிலிருந்து மீண்டும் மெத்தனாலை ஊற்றும்போது, அதன் ஆவி தீப்பற்றிப் புட்டிக்குள் பாய்கிறது. புட்டியிலிருந்து தீப்பிழம்பு எதிரே இருப்பவர்கள்மீது பீறிடுகிறது. வண்ணம்தான் வேண்டுமென்றால், உப்புக் கரைசல்களில் ஓரிரவு ஊறவைத்த மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக எரிவாயுச் சுடரில் காட்டினால் போதும்.

ஈய அயோடைடு அழகானதுதான். ஆனால் நிகழ்ச்சி முடிந்தபின் அந்த ஈயக் கழிவை யார், எங்கே அப்புறப்படுத்துவது? அதற்கு வழியில்லாத பள்ளியில் அதைச் செய்துவிட்டு வருவது முறையன்று. திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196 °செ. அவ்வளவு குளிரில் வைத்து எடுத்துச் செல்வது எளிதன்று; உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்து உதவினாலொழிய அதை மறந்துவிடலாம். மெத்தனால், செறிந்த பெராக்சைடு போன்றவற்றை விமானப் பயணப் பெட்டியில் வைக்கவே கூடாது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் 3% பெராக்சைடும் ஈஸ்ட்டும் இருந்தால் நுரை வரும். உயரம் குறையுமே தவிர, வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியின் வேலை (இங்கே ஈஸ்ட்) தெளிவாகத் தெரியும். எடை தாங்கும் வரை பாதுகாப்புக் கண்ணாடிகளை எடுத்துச் செல்லுங்கள். அவை எடை குறைந்தவை, அங்கேயே விட்டும் வரலாம்.

கரும்பலகை:
நான் பள்ளி ஆசிரியர். இப்படி வரும் குழுக்களை வரவேற்கும் பக்கத்தில் நிற்பவன். விருந்தினர் மேடையில் செய்வதை மாணவர்கள் கைதட்டி ரசிப்பார்கள், மறுநாள் என்னிடம் வந்து அதையே செய்யச் சொல்வார்கள். என்னிடமோ அப்பொருள்கள் எவையும் இருக்காது. ஆகவே அங்கேயே கிடைக்கும் பொருள்களால் மாணவர்களே செய்யும் ஒரு சோதனையை நடுவில் வையுங்கள் என்பது என் வேண்டுகோள். ஊதா முட்டைக்கோஸ் சாற்றிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவந்து, நடுநிலையில் ஊதாவாக நின்று, காரம் கூடக்கூடப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும். அது கிடைக்காத இடத்தில் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைக்கலாம். சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சொட்டுச் சொட்டாகச் செய்தால், பொருளும் கழிவும் மிகக் குறையும், ஒவ்வொரு மாணவருக்கும் தனித் தட்டு கொடுக்கவும் முடியும்.

புறப்படும் முன்பே அப்பள்ளி ஆசிரியருடன் காணொளி அழைப்பில் ஒருமுறை முழுவதையும் செய்துபாருங்கள். அவர் கையில் அது வரவில்லை என்றால் திட்டத்தில்தான் குறை. ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படும் என்பதால், நீங்கள் நினைத்துள்ள உள்ளடக்கத்தில் பாதிக்குத்தான் நேரம் போதும்.

நுண்துளி:
மேடை நிகழ்ச்சியை இவ்வளவு தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் தொடங்கி இன்றுவரை நீடிப்பதற்கு, கண்முன்னே நிகழும் சோதனையின் ஈர்ப்பும் ஒரு காரணம். வியப்பு முதலில் வரட்டும். ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு வேலை இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு பன்னாட்டு வேதியியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, பல நாட்டு மாணவர்கள் தத்தம் ஊர் நீரின் அமிலத்தன்மையை அளந்து, முடிவுகளைப் பொதுத் தளத்தில் பதிந்தனர். அதுபோல, நீங்கள் திரும்பியபின் உங்கள் நாட்டுப் பள்ளி ஒன்றையும் அப்பள்ளியையும் இணைத்து, இரு பக்கமும் ஒரே அளவீட்டைச் செய்து ஒப்பிடச் சொல்லலாம்.

படிகம்:
மூவருக்கும் நன்றி. மெத்தனாலும் ஈயமும் திரவ நைட்ரஜனும் நீங்குகின்றன. நுரையில் தொடங்கி, நிறம் மாறும் முட்டைக்கோஸ் சாற்றுக்குச் செல்வோம். நீர் அளவீட்டைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்க்கிறோம். நிகழ்ச்சியை நிழற்படம் எடுத்துப் பகிரலாமா?

கரும்பலகை:
பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பள்ளி வழியாக முன்கூட்டியே பெற்றிருந்தால் மட்டும். இல்லையென்றால் தட்டுகளையும் கைகளையும் மட்டும் எடுங்கள்.