குருவாயூர் போக நீலாம்பூரில் பைபாஸா, ஊருக்குள்ளேயா?

பெருந்துறைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் குருவாயூர் போகிறோம்ங்க. விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் நாலு, நாலேகாலுக்கு நீலாம்பூர். அங்கே இடதுபக்கம் எல் அண்ட் டி பைபாஸைப் பிடித்து மதுக்கரை போவதா, நேராகக் கோவைக்குள் புகுந்து போவதா? மேப் பைபாஸைத்தான் காட்டுகிறது. அப்பா அந்த ரோடே வேண்டாம் என்கிறார். பைபாஸ் இருக்கும்போது யாராவது ஊருக்குள் போவார்களா?

ஒண்டிப்புதூர் ஆள்:
அப்பா சொல்வதைக் கேளுங்க. செங்கப்பள்ளியிலிருந்து அகலமாக வந்த ரோடு நீலாம்பூர் தாண்டியதும் ரெண்டே வழியாகச் சுருங்கிவிடும், மதுக்கரை வரை 28 கிலோமீட்டரும் அப்படித்தான். நான் தினமும் சிந்தாமணிப்புதூரிலிருந்து ஈச்சனாரி வரை போகிறவன். முன்னால் லோடு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், ஏறிப்போகலாம் என்று வலதுபக்கம் மூக்கை நீட்டினால் எதிரே வருகிறவன் ஹைபீமை இறக்கவே மாட்டான், உங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரனைக் கையோடு அழுத்திக்கொண்டு நிற்கும். பகலில் பரவாயில்லை.

குனியமுத்தூர் மாப்ளை:
நாலு மணிக்கு ஊருக்குள் தாராளமாகப் போகலாம். கோல்ட்வின்ஸில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் ஏறினால் 10 கிலோமீட்டர் தள்ளி உப்பிலிபாளையத்தில் இறங்கலாம், சிக்னலே கிடையாது (2025 அக்டோபரில் திறந்தது). அப்புறம் உக்கடம் பாலம், அதில் பாலக்காடு ரோட்டுக்குப் பிரியும் பக்கம் பார்த்துப் போங்க, தவறினால் பொள்ளாச்சிக்குப் போய்விடுவீர்கள், நானே ஒருதரம் போனேன். ஆனால் திரும்பி வருவது சாயங்காலம் என்றால் நான் சொன்னதை மறந்துவிடுங்க, எங்கள் ஊரைத் தாண்டவே அரைமணி நேரம் ஆகும்.

பெருந்துறைக்காரன்:
நன்றிங்க. மேற்கே புதிதாக ஒரு பைபாஸ் போடுகிறார்களே, அது வந்தால் இந்தத் தொல்லை தீருமா?

மாதம்பட்டி தோப்பு:
உங்களுக்குத் தீராதுங்க. அது பாலக்காடு ரோட்டில் மைல்கல்லில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் ரோட்டில் நரசிம்மநாயக்கன்பாளையம் வரை, 32 கிலோமீட்டர் சொச்சம். கேரளாவிலிருந்து ஊட்டி போகிறவன் உக்கடத்துக்குள் வராமல் போகலாம், அவ்வளவுதான். சேலத்திலிருந்து கொச்சி போகிற லாரிக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? கிழக்கே இருக்கிற ரெண்டு வழி எல் அண்ட் டி பைபாஸை அகலப்படுத்தினால்தான் உங்களுக்கு விடிவு. எங்கள் பெரியப்பா தோப்பில் கிணற்றை ஒட்டி அளவுக்கல் நட்ட நாளிலிருந்து இந்த வரைபடம் எனக்கு மனப்பாடம்.

பெருந்துறைக்காரன்:
சரிங்க, போகும்போது பாலம். வரும்போது வெளிச்சம் இருந்தால் பைபாஸ், இருட்டிவிட்டால் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.