கழற்ற வேண்டியது எந்த டிஸ்க்? காரைக்குடியில் கிடைத்த அனுபவம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். பழைய செட்டிநாட்டு வீடொன்றின் இரண்டாம் கட்டில் இருக்கிறது அவர்களுடைய அலுவலகம். பில், சரக்கு இருப்பு, நெசவாளர் கணக்கு எல்லாம் அங்குள்ள ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில்தான் இருக்கின்றன. அதில் 4 டெராபைட் டிஸ்குகள் நான்கு, ஒன்று பழுதானாலும் தரவு அழியாத ரெய்டு 5 முறையில் இணைக்கப்பட்டுள்ளன. கடந்த சித்திரையில் ஒரு நாள் காலை அந்தப் பெட்டி விடாமல் ஒலிக்கத் தொடங்கியது. இரண்டாம் எண் டிஸ்க் பழுது என்று திரையில் செய்தி வந்தது.

“கடை நடந்துகொண்டுதானே இருக்கிறது தம்பி, ஒன்று போனால் என்ன?” என்று கணக்குப்பிள்ளை ஐயா கேட்டார். மூன்று தொகைகளை மூன்று தாள்களிலும் அவற்றின் கூட்டுத்தொகையை நான்காவது தாளிலும் எழுதி வைத்தால், எந்த ஒரு தாள் தொலைந்தாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்டுவிடலாம், இரண்டு தொலைந்தால் மீட்க வழியே இல்லை என்று விளக்கினேன். ஐந்தொகை போட்டுப் பழகியவர் என்பதால் உடனே புரிந்துகொண்டு, “அப்படியானால் இன்னொன்றில் கை படக்கூடாது” என்றார்.

அந்தத் தவறை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தேவகோட்டையில் ஓர் அலுவலகத்தில், திரையில் இருந்த எண் 2 என்பதைக் கண்டு இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது டிஸ்கை உருவிவிட்டேன். அந்தப் பெட்டி 0 என்று எண்ணத் தொடங்குவது எனக்கு அப்போது தெரியாது. நல்ல டிஸ்க் கையில் இருந்தது, பழுதானது பெட்டிக்குள் இருந்தது, அலுவலகம் முழுவதும் வேலை நின்றது. தரவை மீட்க மூன்று நாள் ஆயிற்று. அந்த நாள்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே காரைக்குடியில் முதலில் டிஸ்கைத் தொடவில்லை. கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்று பார்த்தேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கருதுவதில்லை. புதிய டிஸ்கை வாங்கும்போது, கொள்ளளவு பழையதைவிடச் சிறிதும் குறையாமல் இருக்கிறதா என்றும், ஓடு வேய்ந்தாற்போல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் எஸ்.எம்.ஆர். வகையாக இல்லாமல் இருக்கிறதா என்றும் சரிபார்த்தேன். அந்த வகையில் ரீபில்ட், அதாவது மற்ற டிஸ்குகளைக் கொண்டு புதியதில் தரவை மீண்டும் எழுதும் வேலை, மிகவும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை மறுநாள் இல்லை என்பதையும் விசாரித்துக்கொண்டேன்.

பிறகு நான்கு டிஸ்குகளின் சீரியல் எண்களையும் திரையிலிருந்து ஒரு தாளில் எழுதி, பழுதானதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பெட்டியை அணைக்காமலே டிஸ்க் மாற்றும் வசதி அதில் இருந்தது. மென்பொருளில் அந்த டிஸ்கை முறைப்படி விலக்கி, அதன் விளக்கைச் சிமிட்டச் செய்தேன். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது விளக்கு சிமிட்டியது. டிஸ்கைத் தாங்கும் தட்டின் பிடியை விடுவித்து, ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து, அரை நிமிடம் அப்படியே விட்டேன். உள்ளே தகடுகள் சுழன்றுகொண்டிருந்தால் அந்த நடுக்கம் விரலில் தெரியும். அது அடங்கிய பின்பே முழுவதும் உருவி, லேபிளில் இருந்த எண்ணைக் கணக்குப்பிள்ளை உரக்கப் படிக்க, நான் தாளில் ஓரோர் எழுத்தாக ஒப்பிட்டேன்.

எண் பொருந்தியதும் புதிய டிஸ்கை அந்த இடத்தில் பொருத்தினேன். மாலை ஏழு மணிக்கு ரீபில்ட் தொடங்கியது. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் போனாலும் 4 டெராபைட்டுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் மீதமுள்ள மூன்று டிஸ்குகளும் முனையிலிருந்து முனை வரை படிக்கப்படுவதால், அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தால் அப்போதுதான் வெளிப்படும். பேக்கப்பை முதலில் எடுத்ததும் இதற்காகத்தான். அன்றிரவு பெரிய கோப்பு எதையும் நகலெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்குமேல் நிலை பச்சைக்குத் திரும்பியது. மற்ற மூன்றும் தம் நிலையைத் தாமே பதிந்து காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்தது.

பழைய டிஸ்கில் வியாபாரக் கணக்கின் துண்டுகள் இருப்பதால், அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட விடாமல் துளையிட்டுச் சிதைத்தோம். நான்கு தட்டுகளின் முகப்பிலும் 0 முதல் 3 வரை எண்ணையும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் ஒட்டினேன். கணக்குப்பிள்ளை அவற்றைத் தம் பேரேட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வைத்துக்கொண்டார்.