ஸ்டிக்கரின் பின்தாளைக் கீறுவதற்கு எந்தக் கருவி ஏற்றது?

வாவிக்கரை (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டோடு ஒட்டிய அறையொன்றில் ஐந்து வருடங்களாக ஸ்டிக்கர் வேலை செய்து வருகிறேன். தயிர்ச் சட்டி, தேன் போத்தல், அரிசிப் பை ஆகியவற்றுக்கான சிறிய நீள்சதுர ஸ்டிக்கர்களுக்கே அதிகம் ஓடர் வருகிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் வெளியே டிஜிட்டல் அச்சு எடுத்து வந்து, தாள்களை அடுக்கி, வெட்டு இயந்திரத்தில் ஒரேயடியாக வெட்டிக் கொடுக்கிறேன். வேலை விரைவாக முடிகிறது. ஆனால் அச்சிட்ட மேல்தாளும், அதன் பசையை மூடியிருக்கும் பின்தாளும் ஒரே விளிம்பில் வெட்டுப்படுவதால் உரிப்பதற்குப் பிடி கிடைப்பதில்லை.

சென்ற மாதம் தயிர் விற்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு ஸ்டிக்கர்களை நானே கொண்டுபோனேன். பால் ஈரம் காயாத விரலால் அவர் ஒரு மூலையை நெம்பியபோது, பின்தாள் பிரியாமல் அச்சிட்ட தாள்தான் நார்நாராக வந்தது. மூன்றாவது ஸ்டிக்கரை என் கையில் தந்து, "நீயே உரிச்சித் தா மகள்" என்றார். ஒரு நாளைக்கு நூறு சட்டி கட்டுகிற வீட்டில் இது சிறிய சிரமமன்று. அன்றிலிருந்து, பின்தாளில் ஒரு கீறல் போட்டே கொடுக்க வேண்டும் என்று முயன்று வருகிறேன்.

இப்போது 9 மில்லிமீற்றர் ஒடிக்கும் பிளேட் கத்தியையும் இரும்பு அடிமட்டத்தையும் வைத்து, வெட்டுவதற்கு முன் முழுத் தாளின் பின்புறத்தில் கீறுகிறேன். பத்துத் தாளில் இரண்டில் கத்தி மேல்தாளையும் அறுத்துவிடுகிறது. வேறு இரண்டில் ஆழம் போதாமல், கீறல் இருந்தும் உரியாமல் நிற்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 300 தாள் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது. என்னிடம் வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள்) வெட்டும் 24 அங்குலப் பிளொட்டர் ஒன்றும் உண்டு; கணினியில் வரைந்த கோட்டின்படி பிளேட்டை ஓட்டி வெட்டும் இயந்திரம் அது. கைக்கருவியை மாற்றுவதா, பிளொட்டரையே இதற்குப் பயன்படுத்துவதா, மேசை மேல் வைக்கும் கீறல் இயந்திரம் வாங்குவதா என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மருதமுனைவாசி:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கையில் குறை இல்லை. அந்த வேலைக்கு அந்தக் கத்தி ஏற்றதன்று. சாதாரண ஸ்டிக்கர் தாளின் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். அதில் பின்தாள் பாதியளவுதான். நீங்கள் அறுக்க வேண்டியது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பசையும் அச்சிட்ட தாளும் வெட்டுப்படும். கத்தியின் கூர்முனையில் கையின் பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்குகிறது. முழங்கையை வளைக்கும் இடத்திலும் கோடு முடியும் இடத்திலும் அந்தப் பாரம் மாறுவதை எவராலும் தடுக்க முடியாது.

கையால்தான் செய்வதென்றால் சில்லுக் கட்டர் வாங்குங்கள். 45 மில்லிமீற்றர் சில்லு, தாளைக் குத்தி இழுக்காமல் உருண்டு செல்வதால் அழுத்தம் ஓரளவு சீராக இருக்கும். மெத்தென்ற கட்டிங் மெட்டின் மேல் கீறாதீர்கள். பிளேட் போகும் இடத்தில் தாள் அமிழ்ந்து ஆழம் மாறும். 5 மில்லிமீற்றர் கண்ணாடியின் மேல் தாளைக் கவிழ்த்து வைத்துக் கீறினால் வேறுபாட்டை உடனே காண்பீர்கள். பிளேட் சற்று விரைவில் மழுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் உங்கள் கணக்குக்கு நான் கைக்கருவியைச் சொல்ல மாட்டேன். ஒரு தாளுக்கு ஆறு கோடு என்றாலும் மாதத்துக்கு 1800 கோடு ஆகிறது. உங்களிடமுள்ள பிளொட்டரே போதும். தாளைக் கவிழ்த்து ஏற்றுங்கள். 45 பாகைப் பிளேட், பின்தாளின் தடிப்புக்கு மேல் வெளியே நீளாதபடி பிடியில் இறக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் பத்துப் பத்துக் கிராமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் கீறலின் மேல் மார்க்கர் பேனாவால் தேய்த்துவிட்டுப் பின்தாளை உரித்துப் பாருங்கள். பசையில் மை படவில்லை என்றால் ஆழம் போதாது. மெல்லிய, தொடர்ச்சியான கோடாகப் பட்டிருந்தால் சரி. மேல்தாளின் அச்சுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது கோடு தெரிந்தால் ஒரு படி குறைக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாளின் இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் செய்யுங்கள். பிளேட் ஓடும் பாதையிலுள்ள வெள்ளைப் பட்டி தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆழம் மாறும். நான் மூன்று நாள் பிளேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்து, பிறகுதான் பட்டியைக் கழற்றிப் பார்த்தேன்.

கவிழ்த்து ஏற்றும்போது அச்சுப் பக்கம் சொரசொரப்பான உருளையின் மேல் படுமாதலால், அங்கே பல் அடையாளம் விழும். இரண்டு ஓரங்களிலும் அரை அங்குலம் அச்சில்லாமல் விட்டு, பிறகு வெட்டி எறியுங்கள்.

கோட்டை நடுவில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். சிறிய பகுதியை முதலில் உரித்துச் சட்டியில் பதித்துவிட்டு, பெரிய பகுதியைப் பிடித்து இழுப்பது ஈரக் கைக்கு எளிது.

ஏறாவூர் வாகன ஸ்டிக்கர்:

மருதமுனைக் காக்கா (அண்ணன்) சொன்னது சிறிய கடதாசி ஸ்டிக்கருக்கு முற்றிலும் பொருந்தும். சகோதரியிடம் வினைல் வெட்டும் பிளொட்டர் இருப்பதால், பெரிய வினைல் வேலையையும் சேர்த்துச் சொல்கிறேன். வான், முச்சக்கர வண்டி, கடைக் கண்ணாடி ஆகியவற்றில் ஒட்டும் வினைலை முன்கூட்டியே கீறி வைப்பது நல்லதன்று. சுருட்டி எடுத்துச் செல்லும்போது கீறிய இடத்தில் பின்தாள் தூக்கிக்கொள்ளும், பசையில் தூசி ஏறும். ஒட்டும் இடத்தில், நடுவில் டேப்பால் பிடித்து, ஒரு பாதியைத் தூக்கி, பின்தாளை மட்டும் வெட்டி எடுப்பதே வழக்கம்.

அதற்கென்றே ஒரு கைக்கருவி விற்கிறது. தட்டையான இரண்டு நாக்குகளுக்கு இடையே பிளேட் ஒளிந்திருக்கும். கீழ் நாக்கு வினைலுக்கும் பின்தாளுக்கும் நடுவே நுழைந்து செல்ல, பின்தாள் மட்டும் இடைவெளிக்குள் வந்து அறுபடும். திறந்த கத்தியால் இதைச் செய்து ஒரு வானின் கதவு நிறத்தில் நீளக் கோடு போட்ட பிறகே நான் இந்தக் கருவிக்கு மாறினேன். அந்தக் கதவுக்குத் திரும்ப நிறமடித்துக் கொடுத்த செலவில் இப்படிப் பல கருவிகள் வாங்கியிருக்கலாம்.

ஒடிக்கும் பிளேட் பாவிப்பவர்கள் அதை ஒடிக்கத் தயங்கக் கூடாது. 1956ஆம் ஆண்டில் ஜப்பானில் உருவான இந்தப் பிளேட்டின் பயனே அதுதான். ஓல்ஃபா என்ற பெயருக்கே அந்த மொழியில் ஒடிக்கும் பிளேட் என்று பொருள். பசை பிடித்த முனை அறுக்காது, கிழிக்கும்.

அக்கரைப்பற்று அச்சுக்காரன்:

முப்பது வருடம் அச்சகத்தில் நின்றவன் என்ற முறையில் சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

கருவியைத் தேடுவதற்கு முன், பின்புறம் ஏற்கெனவே கீறப்பட்ட தாளைக் கேட்டுப் பாருங்கள். கொழும்பு புறக்கோட்டையில் கடதாசி வியாபாரிகளிடம் விசாரித்தால், குறித்த இடைவெளியில் நேர்கோடுகள் கீறிய ஸ்டிக்கர் தாள் கிடைக்கக்கூடும். வாங்கும்போது அது டிஜிட்டல் அச்சுக்கென்றே செய்யப்பட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். அச்சு இயந்திரத்தின் சூட்டில் பசை கசிந்து கீறல் வழியே உருளையில் பட்டால், அச்சகத்தார் உங்கள் தாளை மறுபடி தொட மாட்டார்கள். கோடுகளின் இடைவெளிக்கு ஏற்ப ஸ்டிக்கரின் அளவை அமைத்துக்கொண்டால், கீறும் வேலையே உங்களுக்கு இல்லை.

மேசை இயந்திரம் இப்போது வேண்டாம். இரும்புச் சில்லு இரும்பு உருளையின் மேல் அழுத்திக் கீறும் அமைப்பு மிகத் திருத்தமானது, வேகமானது; ஆனால் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் அதைச் சரிசெய்து எடுப்பதற்கே பல தாள் வீணாகும். ஒரே தாளில் மாதம் சில ஆயிரம் ஓடுகிறவருக்கு அது பெறுமதியானது.

நம் பகுதியில் ஈரப்பதத்தை மறந்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் சரிசெய்து வைத்த அழுத்தம் மாரியில் பொருந்தாது. பின்தாளின் ஒரு பக்கத்தில் சிலிக்கோன் பூச்சு இருக்கிறது. மறுபக்கம் வெறும் கடதாசி, அது ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, தாள் வளைகிறது, பிளேட் சில இடங்களில் மேலே மிதக்கிறது. பொதி பிரித்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக வையுங்கள். மழை நாளில் முதல் தாளை மார்க்கரால் சோதிக்காமல் தொடங்காதீர்கள்.

கீறிய தாள்களை வெட்டு இயந்திரத்தில் உயரமாக அடுக்கவும் கூடாது. மேலிருந்து அழுத்தும் கட்டை பசையைக் கீறல் வழியே பிதுக்கிவிடும். மறுநாள் ஸ்டிக்கர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடக்கும். நீங்கள் இப்போது வெட்டும் உயரத்தில் மூன்றிலொரு பங்கு போதும்.

வாவிக்கரை (கல்லடி):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் பிளொட்டரில் முயன்றேன். 40 கிராமில் தொடங்கினேன். 90 வரை மை பசைக்குச் செல்லவில்லை, 110இல் கோடு முழுமையாகப் பட்டது, 130இல் மேல்தாளில் அடையாளம் தெரிந்தது. 110இல் நிறுத்தி 40 தாள் கீறினேன். ஒன்றுதான் பழுதானது, அதுவும் தாள் வளைந்திருந்ததால். இடது ஓரத்தில் மட்டும் ஆழம் குறைகிறது. மருதமுனைக் காக்கா சொன்னபடி பட்டியைத் தடவிப் பார்த்தேன். நகம் இறங்கும் அளவுக்கு அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய பட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு இரண்டு தாள் அளவான ஸ்டிக்கர்களை மாதிரியாகக் கொடுத்தேன். ஒன்றைச் சற்று மடித்தார். கீறல் வாய் திறந்தது. ஈரக் கையாலேயே உரித்துச் சட்டியில் ஒட்டினார். கோடு மூன்றில் ஒரு பங்கில் இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லா ஸ்டிக்கர்களிலும் சிறிய பகுதி வலப்பக்கம் வர வேண்டும் என்கிறார், ஏனெனில் இடது கையால் சட்டியைப் பிடிக்கிறார். கவிழ்த்துக் கீறுவதால் இடம் வலமாக மாறும் என்பதைக் கணக்கில் எடுத்து, அடுத்த தாளுக்குக் கோடுகளை மாற்றி அமைக்கிறேன்.