கம்யூனிட்டி காலேஜ் கால்குலஸில் மகன் திணறுகிறான், விலகலாமா? 9 நாள்தான் இருக்கிறது

பொன்னி (மில்பிடாஸ், கலிஃபோர்னியா):
எல்லோருக்கும் வணக்கம். மகன் 11ஆம் வகுப்பு. பள்ளியோடு சேர்த்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இந்த ஸ்பிரிங் செமஸ்டரில் கால்குலஸ் 1 எடுத்திருக்கிறான், 5 யூனிட். பள்ளியிலும் கையெழுத்துப் போட்டார்கள், நாங்களும் போட்டோம். கட்டணம் கிடையாது, யூசியிலும் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கணக்கில் எடுப்பார்கள் என்றதும் நல்ல வாய்ப்பு என்றுதான் நினைத்தோம். போன கோடையில் ப்ரீகால்குலஸை (கால்குலஸுக்கு முந்தைய பாடம்) அதே காலேஜில் ஆன்லைனில் 6 வாரத்தில் முடித்து ஏ கிரேடு வாங்கியவன்தான்.

இப்போது முதல் மிட்டெர்மில் (இடைத்தேர்வில்) 52, இரண்டாவதில் 47. இரண்டாவது மார்க்கை இரண்டு வாரமாகச் சொல்லவே இல்லை. டபிள்யூ (மார்க்குக்குப் பதிலாக "விலகினார்" என்ற குறி) போட்டுக்கொண்டு விலகக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை. என் கணவர் "பாதியில் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும், முடிக்கட்டும்" என்கிறார். எனக்கோ இந்த டபிள்யூவை யூசி எப்படிப் பார்க்கும் என்ற பயம். பேராசிரியருக்கு நானே மெயில் எழுதினேன். "மாணவரோடு மட்டும்தான் பேச முடியும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. 16 வயதுப் பையன், நான் அவன் அம்மா. இது எந்த ஊர் நியாயம்?

வைகைக்கரை:
சகோதரி, அந்த பதில் எனக்கும் வந்திருக்கிறது, மகளின் விஷயத்தில். பேராசிரியர் மேல் கோபப்படாதீர்கள். ஃபெர்பா என்று ஒரு மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. காலேஜில் சேர்ந்துவிட்டால், 18 வயது ஆகாவிட்டாலும், அந்தக் காலேஜ் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும். அவன் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் அவர்கள் உங்களோடு பேசலாம். ஆனால் நீங்கள் பேசுவதைவிட அவனே ஆஃபீஸ் ஹவருக்கு (பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரம்) போய் உட்காருவது நல்லது. என் மகள் முதல் தடவை போகவே பயந்தாள். போய் வந்த பிறகுதான் எங்கே தப்பு என்று தெரிந்தது.

கணக்கு டியூட்டர்:
விலகுவதா இல்லையா என்பதற்கு முன்னால், அவன் சி கிரேடு வாங்க முடியுமா என்று பார்த்துவிடுவோம். சிலபஸில் எதற்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதை இங்கே போடுங்கள்.

பொன்னி:
மிட்டெர்ம் ஒவ்வொன்றும் 20, ஹோம்வொர்க் 15, குவிஸ் 15, ஃபைனல் (இறுதித் தேர்வு) 30. ஹோம்வொர்க்கில் 90, குவிஸில் சராசரி 60.

கணக்கு டியூட்டர்:
சரி. இரண்டு மிட்டெர்மிலும் சேர்த்து 40க்கு 19.8. ஹோம்வொர்க் 13.5, குவிஸ் 9. ஹோம்வொர்க்கும் குவிஸும் இப்படியே போனால் 70க்கு 42.3. சிக்கு 70 வேண்டும் என்றால் ஃபைனலில் 30க்கு 27.7, அதாவது 92 சதவீதம். 47 வாங்கிய பையன் ஒரு மாதத்தில் 92 எடுப்பது நான் பார்த்தவரை மிகவும் அபூர்வம்.

ஒன்று மட்டும் பாருங்கள். சில பேராசிரியர்கள் ஃபைனலில் நன்றாகச் செய்தால் குறைந்த மிட்டெர்மை அந்த மார்க்கால் மாற்றிக்கொள்வார்கள். அந்த வரி சிலபஸில் இருந்தால் கணக்கே மாறிவிடும், ஃபைனலில் சுமார் 74 சதவீதம் போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்துக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு. ப்ரீகால்குலஸும் 5 யூனிட் என்றால் 240 மணி நேரம். அதை 6 வாரத்தில் செய்ய வாரத்துக்கு 40 மணி நேரம் வேண்டும். ஒரு முழுநேர வேலை அது. அவன் அப்படி உட்கார்ந்து படித்தானா? ஓட்டை கால்குலஸில் இல்லாமல் அங்கேகூட இருக்கலாம்.

தேன்மொழி (யூசி மாணவி):
ஆன்ட்டி, டபிள்யூ பற்றி நான் சொல்கிறேன். பள்ளியில் படிக்கும்போதே எனக்கு ஒன்று இருந்தது, வேறு பாடத்தில். விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது, எந்தக் காலேஜில் என்ன எடுத்தோமோ அத்தனையும் எழுத வேண்டும். ஆனால் டபிள்யூ ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) சேராது. சிக்குக் கீழே உள்ள டி கிரேடு வந்தால் சேரும். அதோடு யூசி கேட்கும் பாடங்களுக்கு சிக்குக் குறைந்தால் செல்லாது. பள்ளியில் படிக்கும்போதே எடுத்தது என்றாலும் இது காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு), பிறகு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தால்கூட அதைக் கேட்பார்கள். என் டபிள்யூவுக்கு விண்ணப்பத்தில் இரண்டு வரியில் காரணம் எழுதினேன், அவ்வளவுதான்.

குன்றத்தூரான்:
எல்லோரும் விலகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். யூசி ஏற்கும் காலேஜ் பாடத்தில் சி வாங்கினாலும் அவர்கள் ஜிபிஏவில் ஒரு புள்ளி கூடுதலாகச் சேர்க்க இடம் இருக்கிறது, சிக்கு உள்ள 2 புள்ளி 3 ஆகும். 74 போதும் என்றால் முயற்சி செய்யலாமே?

கணக்கு டியூட்டர்:
அந்தக் கூடுதல் புள்ளிக்கு உச்சவரம்பு உண்டு, எல்லாப் பாடத்துக்கும் வராது. டி வாங்கினால் அதுவும் இல்லை. பையன் என்ன படிக்க ஆசைப்படுகிறான்? இன்ஜினியரிங் என்றால் கால்குலஸ் 1இல் ஒட்டிக்கொண்டு வரும் சி, கால்குலஸ் 2இல் காலை வாரிவிடும். எனக்கு அந்தக் கவலைதான். டபிள்யூவும் ஒரு தடவை எடுத்ததாகவே கணக்காகும், ஒரே பாடத்தை மூன்று தடவைக்கு மேல் பொதுவாக எடுக்க முடியாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலகுவதற்கு முன் பள்ளி கவுன்சிலரிடம் கட்டாயம் பேசுங்கள். பள்ளியில் கணிதம் எடுக்காமல் இதை மட்டுமே நம்பியிருந்தால் இந்த ஆண்டுக் கணிதம் என்ன ஆகிறது, இந்த வகுப்பு போனால் அவனுக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய வகுப்பு நேரம் போதுமா என்று கேட்டு வையுங்கள். யூசிக்கு 3 ஆண்டுக் கணிதம் கட்டாயம், 4 இருந்தால் நல்லது.

பொன்னி:
இன்ஜினியரிங்தான் ஆசை. அந்த வரியைத் தேடினோம், இருக்கிறது. ஃபைனல் மார்க் குறைந்த மிட்டெர்முக்குப் பதிலாக வருமாம். என் கணவர் உடனே "பார்த்தாயா!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளை ஆஃபீஸ் ஹவர், அவன் போகிறான்.

பொன்னி (4 நாள் கழித்து):
போய்விட்டு வந்தான். ஒரு மணி நேரம் உட்கார வைத்து இரண்டு மிட்டெர்மையும் வரிவரியாகப் பார்த்திருக்கிறார். டெரிவேட்டிவ் எடுக்கும் முறை அவனுக்குத் தெரிகிறது, தப்பில் பெரும்பாதி டிரிக்கனாமெட்ரியிலும் அல்ஜீப்ராவிலும்தானாம். டியூட்டர் ஐயா சொன்ன ஓட்டை அதேதான். கோடையில் எவ்வளவு நேரம் படித்தாய் என்று கேட்டேன். வாரத்துக்கு 12 மணி நேரம் இருக்கும், விடை பார்த்துப் பார்த்து ஹோம்வொர்க் போட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஏனென்றால் அந்தக் கோடையில் மூன்று வகுப்பில் சேர்த்துவிட்டது நான்தான்.

விலகுவது என்று அவனே முடிவெடுத்தான். கவுன்சிலரைக் கேட்டோம், கோடை ப்ரீகால்குலஸ் கணக்கில் இருப்பதால் இந்த ஆண்டுக் கணிதத்துக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த ஆண்டு பள்ளியிலேயே ஏபி (பள்ளியில் நடத்தும் காலேஜ் அளவுப் பாடம்) கால்குலஸ். மே மாத ஏபி தேர்வில் 5க்கு 3 வந்தால்கூட யூசி கிரெடிட் தரும் என்றார். என் கணவர் ஒரு நாள் பேசவில்லை, நேற்று ராத்திரி அவரே டிரிக்கனாமெட்ரி புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து அவனோடு உட்கார்ந்தார்.

புதன்கிழமை மாலை காலேஜ் தளத்தில் அவன் கையாலேயே விலகினான். உறுதிப்படுத்தி வந்த மெயிலைச் சேமித்து வைத்திருக்கிறோம்.

வைகைக்கரை:
நல்லது சகோதரி. மெயில் வந்தது போதாது, ஒரு வாரம் கழித்து டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ ஏறியிருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு தடவை ஏறாமலே இருந்தது.