பேணலும் பிரையிடலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நிலத்தடி நீரில் கலந்த நஞ்சைப் பாக்டீரியாவைக் கொண்டு போக்கும் முறைக்கு (பயோரெமிடியேஷன்) தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘உயிரித்தேற்றம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை உரசினால் கலங்கல்தான் அடியில் படியும். பெட்ரோலில் உள்ள பென்சீன் போன்ற கரைந்த நஞ்சு அப்படியே நிற்கும். தெளிந்த தண்ணீரிலும் நஞ்சு இருக்கும் என்பதுதான் இங்கே சிக்கலே. ‘நுண்ணுயிர் மீட்பு’ என்றால் நுண்ணுயிரை மீட்பதாகப் படும். ‘உயிரிவழி மீட்பு’ போதும் என்று நினைக்கிறேன். பாக்டீரியா உடைக்கவோ உருமாற்றவோ கூடிய பொருளுக்கு மட்டுமே அந்தச் சொல் என்று வரையறையில் எழுதிவிட வேண்டும். கடலோரத்தில் உவரேறிய கிணற்றின் குளோரைடை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது.

இதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துச் சொல்வது. மண்ணில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாவுக்குக் குறைவதைக் கொடுப்பது ஒன்று. அங்கே இல்லாத பாக்டீரியாவை வெளியிலிருந்து இறக்குவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தேவையில்லாத இடத்திலும் பாக்டீரியாப் பொடியை வாங்கிக் கொட்டுவார்கள். முதலாவதற்கு ‘ஊட்டல்’, இரண்டாவதற்கு ‘உறையிடல்’ எனலாமா?

* * *

தம்பி,

தேற்றத்தை விட்டுவிடுகிறேன், கணக்கிலும் அதற்கு வேறு பொருள் உண்டு. ஆனால் உங்கள் இரண்டு சொல்லும் இடிக்கின்றன. மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதை ஏற்கெனவே ‘செறிவூட்டல்’ என்கிறோம். ‘உறை’ என்றதும் தாமிரபரணி மணலில் இறக்கும் உறைகிணறுதான் நம் ஆட்களுக்கு நினைவு வரும்.

‘ஊட்டல்’ பொருளாலும் பொருந்தாது. பெட்ரோல் பங்கின் தரையடித் தொட்டி ஒழுகினால், கசிந்த பெட்ரோலே பாக்டீரியாவுக்கு இரை. குறைவது மூச்சு. 1 மில்லிகிராம் பென்சீனை முழுக்கச் சிதைக்க ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் கரையும். லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் பென்சீன் இருந்தாலே அத்தனையும் தீர்ந்துபோகும். அதனால் துளைக்குழாய் வழியே கம்ப்ரஸரால் காற்றை ஊத வேண்டும். உரம் கொஞ்சம் போதும்: கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1. யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரேட் ஏறி, குடிநீருக்கான 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிவிடும்.

எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் டிரைகுளோரோ எத்திலீனுக்குக் கதை தலைகீழ். அங்கே பாக்டீரியா மூச்சாகக் கொள்வதே அந்தக் கரைப்பானைத்தான். இரையாக நாம் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸை இறக்குகிறோம். அளவு மிஞ்சினால் நீர் புளித்து pH அளவு 6-க்குக் கீழே போய் வேலை நின்றுவிடும். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். பாக்டீரியாவின் வழவழப்பான படலம் படிந்து குழாயின் கண் அடையும். நம் பக்கத்துப் பாறையில் இன்னொரு தொல்லை: இறக்கியதெல்லாம் ஒரே வெடிப்பில் ஓடிவிடும், பக்கத்து வெடிப்பு பட்டினி கிடக்கும். இரைக்கும் மூச்சுக்கும் பொதுவாக ‘பேணல்’ என்று வையுங்கள்.

இரண்டாவதற்கு உறைமோரின் இன்னொரு பெயரான ‘பிரை’ இருக்கிறதே. ‘பிரையிடல்’.

* * *

அண்ணாச்சி,

பேணலை ஏற்கிறேன். பிரையிடல் அதைவிடப் பொருத்தம். பால் ஆறாமல் பிரை ஊற்றினால் தயிர் ஆகாது. இங்கேயும் அதே பதம் பார்க்க வேண்டும்.

டிரைகுளோரோ எத்திலீன் முதலில் டைகுளோரோ எத்திலீனாகும், பிறகு வினைல் குளோரைடு, கடைசியில் தீங்கற்ற எத்தீன். கடைசிப் படி வரை கொண்டுபோவது டீஹாலோகாக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியா இனம். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதைத் தனித்துப் பிரித்ததாக அறிவித்தார்கள். அது இல்லாத நிலத்தில் எவ்வளவு மொலாசஸ் இறக்கினாலும் பாதியில் நிற்கும். தொடங்கியதைவிடக் கொடிய வினைல் குளோரைடு கிணற்றில் சேர்ந்தாலும் சேரும். அப்போதுதான் பிரை வேண்டும். ஆக்சிஜன் பட்டால் அது செத்துவிடும். எனவே முதலில் பேணி, கரைந்த ஆக்சிஜன் அற்றுப்போய், நீர் எவ்வளவு ஆக்சிஜனற்றது என்று காட்டும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க அளவு −100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கியபின், மூடிய எஃகுக் கலத்திலிருந்து நைட்ரஜன் அழுத்தத்தில் இறக்க வேண்டும். எத்தீன் தென்பட்டால்தான் பிரை பிடித்தது என்று பொருள். டிரைகுளோரோ எத்திலீன் குறைந்ததை மட்டும் வைத்து அறிக்கை எழுதக் கூடாது.

பாதியில் நிற்கும் அந்த நிலைக்கும் பெயர் வேண்டும். ‘தேக்கம்’ அணையோடு போய்விட்டது. ‘இடைமுடக்கம்’ சரிவருமா, அண்ணாச்சி?