காகித அழுங்கு: செதில்கள் நிமிர்கின்றன, உடல் முன்னால் சாய்கிறது. உதவி தேவை

இளந்தளிர்:

வணக்கம். மூன்று வாரமாக ஒரு காகித அழுங்கு செய்து வருகிறேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை 42 செ.மீ. நீளம். பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலக அழுங்கு நாள். அன்று ஒரு நூலகத்தின் காட்சி மேசையில் 'இந்திய அழுங்கு' என்ற பெயர் அட்டையுடன் இதை வைக்க வேண்டும். இந்த விலங்கை எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். பல பேர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் எப்படியாவது நன்றாக வரவேண்டும் என்று துடிக்கிறேன்.

மூன்று இடத்தில் சிக்கியிருக்கிறேன்.

உடல் கூட்டை 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில், இரண்டு நாள்களில் இரண்டு முறையாக அச்சிட்டேன். வயிற்றுப் பக்கத்துக் கடைசி இணைப்பில் இரண்டு விளிம்புகளும் ஏறத்தாழ 3 மி.மீ. விலகி நின்றன. இழுத்து ஒட்டினேன். இப்போது உடல் முழுவதும் வலப்பக்கமாகத் திருகியிருக்கிறது.

செதில்களை 160 ஜிஎஸ்எம் தாளில் 2 செ.மீ. அளவில் நானூறு வெட்டினேன். கழுத்திலிருந்து ஆரம்பித்து, வளையத்துக்கு 18 வீதம் ஆறு வளையங்கள் ஒட்டியாயிற்று. ஒவ்வொரு புது வளையத்தையும் பழையதன் அடியில் நுழைக்க வேண்டியிருக்கிறது, விரல் போவதில்லை. அதுமட்டுமல்ல, இரவு ஒட்டினால் காலையில் எல்லா நுனிகளும் காய்ந்த சருகு போல மேலே நிமிர்ந்துவிடுகின்றன.

பின்னங்கால்களில் மட்டும் நிற்கும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் வடிவம் எடுத்தேன். நிறுத்தினால் மூக்கு குப்புற விழுகிறது. முன்கால்கள் மார்போடு ஒட்டி மடங்கியிருப்பதால் தாங்க எதுவும் இல்லை.

இதுவரை ஒட்டியதைக் காப்பாற்ற முடியுமா?

தாள்தச்சன்:

இணைப்பிலிருந்து தொடங்குவோம். 3 மி.மீ. விலகல் உங்கள் கையின் பிழையாக இருக்காது. இரண்டு முறை அச்சிட்டதாகச் சொல்கிறீர்கள். ஒரு முறை 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பிலும், இன்னொரு முறை 100 விழுக்காட்டிலும் அச்சாகியிருந்தால் இப்படித்தான் நடக்கும். 97 விழுக்காடாகச் சுருங்கிய துண்டில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 3 மி.மீ. குறையும். இரண்டு நாளும் அச்சான தாள்களில் ஒரே துண்டு இருந்தால் அளவுகோல் வைத்துப் பாருங்கள். இனி ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 10 செ.மீ. கோடு ஒன்றைச் சேர்த்தே அச்சிடுங்கள். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் அந்தக் கோட்டை அளந்துவிடுங்கள்.

செதில் நுனி நிமிர்வதற்குக் காரணம் தாளின் இழையோட்டம். தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். பசையின் ஈரம் பட்டதும் தாள் நார்களுக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்கும். அதனால் சுருளும் தாளின் அச்சு எப்போதும் இழையோட்டத்தின் போக்கிலேயே இருக்கும். உங்கள் செதில்களில் நுனி எழும்புகிறது என்றால், இழையோட்டம் செதிலின் அகலவாட்டில் இருக்கிறது. தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் குறுக்குவாட்டில் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சோதிப்பது எளிது. தாளை மடிக்காமல், நீளவாட்டில் ஒரு முறையும் அகலவாட்டில் ஒரு முறையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வாட்டில் எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் அச்சுதான் இழையோட்டம். செதிலின் வேரிலிருந்து நுனி வரை அது நேராக ஓடும்படி வெட்டுங்கள். பிறகு தாள் சுருண்டாலும் உடலை அணைத்தபடிதான் சுருளும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் ஒரு பென்சில் மேல் நீளவாட்டில் உருட்டி வளைவு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து, ஒட்டும் வரிசை. ஓட்டுக்கூரை வேய்பவர் முகட்டிலிருந்து ஆரம்பிப்பதில்லை. இறவாரத்திலிருந்து ஆரம்பித்து மேலே ஏறுவார். அழுங்கின் செதில்களும் அப்படித்தான்: வேர் தலைப்பக்கம், நுனி வால்பக்கம். வால் நுனியிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு புது வளையமும் பழையதன் மேல் தானாக வந்து படியும், எதையும் அடியில் நுழைக்க வேண்டியதில்லை.

பசையை வேர்ப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும், மிக மெல்லியதாகத் தடவுங்கள். உயிருள்ள அழுங்கின் செதிலும் வேரில் மட்டுமே தோலோடு பிணைந்திருக்கிறது. அதனால்தான் அந்த விலங்கு பந்தாகச் சுருள முடிகிறது. முழுச் செதிலையும் ஒட்டினால் முதுகின் வளைவில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

சாய்வதற்கு: வாலின் கடைசிப் பகுதிக்குள் சில இரும்பு வளையங்களை வையுங்கள். காலிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த எடை போதும். வாலை ஏற்கெனவே மூடியிருந்தால் அடிப்பக்கத்தில் கீறிக்கொள்ளுங்கள். அழுங்குக்கு வாலின் அடியிலும் செதில் உண்டு, கீறல் மறைந்துவிடும்.

பசைப்புள்ளி:

செதில்களை வெட்டிய பின் வண்ணம் தீட்டாதீர்கள். முழுத் தாளுக்கும் இருபுறமும் வண்ணம் தீட்டி, காயவைத்து, கனமான புத்தகங்களுக்கடியில் ஒரு நாள் வைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு வெள்ளையாகத் தெரியும். அதன் மேல் பழுப்பு நிற ஸ்கெட்ச் பேனாவை ஒரு முறை ஓட்டினால் போதும்.

காட்டுவழி:

கைவேலை பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது பெயர் அட்டை.

உலகில் எட்டு வகை அழுங்குகள் இருக்கின்றன: ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. முன்கால்களை மார்போடு மடித்து, பின்னங்கால்களிலேயே நடக்கும் படம் என்றால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் தரை அழுங்காக இருக்கும். இந்திய அழுங்கு நான்கு கால்களில் நடப்பது. முன்கால் நகங்கள் மிக நீளமானவை, பின்கால் நகங்களைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கரையான் புற்றை உடைக்கும் அந்த நகங்களை உள்பக்கமாக மடித்துக்கொண்டுதான் அது நடக்கும். ஆகவே இரும்பு வளையங்கள் வைப்பதை விட, முன்கால்களைத் தரையில் ஊன்றச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. சாய்வும் தீரும், பெயர் அட்டையும் மெய்யாகும்.

செதில் எண்ணிக்கையையும் பாருங்கள். இந்திய அழுங்கின் உடலைச் சுற்றி 11 முதல் 13 நீள்வரிசைகள்தான் உண்டு. மொத்தச் செதில்கள் ஏறத்தாழ 160 முதல் 200 வரை. நீங்கள் வெட்டிய நானூறு அதைப் போல இரண்டு மடங்கு. பெரிய, அகன்ற செதில்களே இந்த வகையின் அழகு. முகத்தின் அடிப்பகுதி, வயிறு, கால்களின் உட்புறம் ஆகியவற்றில் செதில் கிடையாது, அங்கே எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

இன்னும் மூன்று அடையாளங்கள் ஆசிய வகைகளுக்கு உண்டு. சிறிய காது மடல் வெளியே தெரியும். செதில்களுக்கு இடையே முரட்டு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகின் நடு வரிசை வால் நுனி வரை அறுபடாமல் போகும். ஆப்பிரிக்க வகைகளில் அந்த நடு வரிசை வால் நுனிக்கு முன்பே நின்றுவிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் இந்தச் செதில். அதற்காகவே இந்த விலங்கைக் கொன்று கடத்துகிறார்கள். 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில், எட்டு வகைகளையும் முதல் பட்டியலில் சேர்த்துப் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுத்தார்கள். உங்கள் மேசைக்கு வரும் குழந்தை முதல்முறையாகப் பார்க்கும் அழுங்கு சரியான அழுங்காக இருக்கட்டும்.

தாள்தச்சன்:

காட்டுவழி சொன்ன பிறகு என் இரும்பு வளைய யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு கால்களே சரி.

இளந்தளிர், 13 நீள்வரிசை என்றால் கணக்கு இப்படி வரும். ஒரு விலாவின் கீழ்விளிம்பிலிருந்து முதுகு வழியாக மறு விலாவின் கீழ்விளிம்பு வரை நூல் வைத்து அளந்து, 13ஆல் வகுங்கள். 22 செ.மீ. என்றால் வரிசைக்கு 1.7 செ.மீ. ஒரு வளையத்தில் 7 செதில், அடுத்த வளையத்தில் இடைவெளிகளை மூடும்படி 6 செதில், இப்படி மாறி மாறி. ஒரு செதிலின் அகலம் இரண்டு வரிசைக்குச் சற்று மேல், அதாவது 3.5 செ.மீ. முதுகுக்கோடு எப்போதும் ஏழின் நடுச் செதிலில் விழும். வால் நோக்கிக் குறுகும்போது செதிலைச் சிறிதாக்குங்கள், வரிசைகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போங்கள்.

காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். உடல் கூட்டைப் புதிதாகச் செய்துவிடுங்கள் என்பதே என் நேர்மையான பதில். 80 ஜிஎஸ்எம் இந்தச் செதில்களின் எடையைத் தாங்காது. 200 ஜிஎஸ்எம் தாளில் செய்து, உள்ளே நான்கைந்து இடங்களில் தடித்த அட்டையில் குறுக்குவெட்டு வட்டுகளை நிறுத்துங்கள். ஒட்டுப்பட்டைகளை இடம், வலம் என மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் மறுபடியும் திருகும். தலையையும் பின்னங்கால்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒட்டாத சிறு செதில்கள் நெற்றிக்கும் கால்களின் வெளிப்புறத்துக்கும் உதவும்.

இளந்தளிர்:

பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு வருகிறேன். பழைய தாள்களில் ஒரே காலின் துண்டு இரண்டு முறை அச்சாகியிருந்தது. அளந்தேன்: ஒன்று 10 செ.மீ., மற்றது 9.7. கூட்டைப் புதிதாகச் செய்தேன், திருகவில்லை. பழைய கூட்டைப் பிரிக்கும்போது மனம் வலித்தது, ஆனால் வால் நுனியிலிருந்து முதல் ஐந்து வளையங்கள் படிந்ததைப் பார்த்ததும் அது போய்விட்டது. இரண்டு இரவு கழித்தும் ஒரு நுனிகூட எழவில்லை. மொத்தம் 182 செதில்கள். தூரிகை மயிரை வெட்டிச் செதில்களின் இடையில் செருகியிருக்கிறேன். நகங்களை உள்மடித்து நான்கு கால்களில் நிற்கிறது.

ஒரு சிறு குறை. வால் உடலோடு சேரும் இடத்தில், முதுகுக்கோட்டில் ஒரு செதில் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. உடலின் செதில் அங்கே பெரிதாகத் துருத்துகிறது, வாலின் செதில் எட்டவில்லை.

தாள்தச்சன்:

இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் ஒன்று வெட்டி, வேரை மெல்லச் சீவி, முன் வளையத்தின் அடியில் சாமணத்தால் செருகுங்கள். ஒரு செதில்தானே, இம்முறை அடியில் நுழைக்கலாம்.

காட்டுவழி:

அதைச் செய்யுங்கள். செய்த பிறகு நேரமிருந்தால் இன்னொன்று: தாய் அழுங்கு குட்டியைச் சுமப்பது சரியாக அந்த இடத்தில்தான். குட்டி வாலின் அடிப்பகுதியைக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும். பிறந்த குட்டியின் செதில்கள் மென்மையாகவும் வெளிறியும் இருக்கும், பிறகுதான் இறுகும். உங்களிடம் மீந்திருக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் அதற்கு மிகப் பொருத்தம்.

இளந்தளிர்:

செதிலைச் செருகிவிட்டேன், தெரியவே இல்லை. குட்டியின் உடலுக்கு இன்று மாலை கோடு போட்டேன், 9 செ.மீ. வருகிறது. 10 செ.மீ. கோட்டை அளந்த பிறகுதான் அச்சிட்டேன்.