மேல்தாடை எலும்பு மிகவும் கரைந்துவிட்ட அம்மாவுக்கு நிலையான பல் பொருத்த முடியுமா?

சேலம் வாசகர் (கேள்வி):

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 66. ஈறு நோயால் மேல்வரிசைப் பற்கள் அனைத்தையும் இழந்து, பல ஆண்டுகளாகக் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பயன்படுத்தி வருகிறார். இப்போது அது சிறிதும் நிற்பதில்லை. பேசும்போதே இறங்கிவிடுவதால் நாக்கு நுனியால் அதை மேலே தாங்கிக்கொண்டுதான் பேசுகிறார். சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டுக் குழைத்த சோற்றை விழுங்குகிறார். பசை தடவியும் பயனில்லை. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் கடைவாய்ப் பகுதியில் எலும்பின் உயரம் 2 மி.மீ., அதற்கு முன்னால் 3 மி.மீ., முன்பற்களின் இடத்தில் 11 மி.மீ. உயரமும் 5 மி.மீ. அகலமும் என்று குறித்திருக்கிறார்கள். சைனஸில் எலும்புத்தூள் வைத்து எட்டு மாதம் காத்திருந்த பிறகே இம்பிளான்ட் (பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைக்க முடியும் என்கிறார் ஒரு மருத்துவர். கன்ன எலும்பில் நீண்ட இம்பிளான்ட் வைத்து மூன்றே நாளில் பல் கட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

முகத்தாடை அறுவை மருத்துவர் (பதில்):

வணக்கம். நீங்கள் தந்துள்ள அளவுகளுக்கு இரண்டுமே முறையான வழிகள்தாம். பல் போனபின் மெல்லும் விசை கிடைக்காத தாடை எலும்பு கீழிருந்து கரைகிறது; அதே காலத்தில், அதற்கு மேலுள்ள சைனஸ் என்ற காற்றறை விரிந்து மேலிருந்தும் எலும்பைக் குறைக்கிறது. அதனால்தான் கடைவாய்ப் பகுதியில் 2 மி.மீ. மட்டும் மிஞ்சியிருக்கிறது. வழக்கமான இம்பிளான்ட் அங்கே நிற்காது.

சைனஸ் உயர்த்தும் சிகிச்சையில், கன்னப் பக்கமாக எலும்பில் சிறு சன்னல் திறந்து, சைனஸின் உட்சவ்வைக் கிழியாமல் மேலே தள்ளி, அந்த இடைவெளியில் எலும்புத்தூளை நிரப்புவார்கள். இது 1970களிலிருந்து செய்யப்பட்டு வரும், நன்கு அறியப்பட்ட முறை. ஆனால் இவ்வளவு குறைந்த எலும்பில் அன்றே இம்பிளான்ட் வைத்தால் பெரும்பாலும் பிடிப்பு போதாது என்பதால் ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்து, இம்பிளான்ட் வைத்து, அது எலும்போடு இணையவும் சில மாதங்கள் விட வேண்டும். எல்லாம் முடிய ஓராண்டுக்கு மேலாகலாம்.

கன்ன எலும்பு இம்பிளான்டை உருவாக்கியவர் சுவீடன் நாட்டின் பிரோனமார்க். டைட்டானியம் எலும்போடு இணைவதைக் கண்டறிந்து 1965இல் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் பொருத்தியவரும் அவரே. புற்றுநோய் அறுவையிலும் விபத்திலும் மேல்தாடையை இழந்தவர்களுக்காகத் தொடங்கிய முறை, பிறகு எலும்பு கரைந்தவர்களுக்கும் விரிந்தது. சாதாரண இம்பிளான்ட் 10 மி.மீ. அளவில் இருக்க, இது 30 முதல் 50 மி.மீ. வரை நீளமானது. கன்ன எலும்பு அடர்த்தியாக இருப்பதால் உடனே பிடிப்பு கிடைக்கிறது. முன்பகுதியில் எலும்பு மிஞ்சியிருப்பது உங்கள் அம்மாவுக்கு மிகவும் சாதகம்: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட இம்பிளான்ட், முன்னால் இரண்டு முதல் நான்கு சாதாரண இம்பிளான்ட் என்று திட்டமிட இயலும்.

ஆனால் மூன்று நாள் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று கட்டுவது தற்காலிக அக்ரிலிக் பல். நிரந்தரப் பல் சில மாதம் கழித்துத்தான், அதுவரை மென்மையான உணவுதான். கண்குழிக்கு மிக அருகில் துளையிடுவதால் பாதை தவறினால் கண்ணுக்கே ஆபத்து. சைனஸ் தொற்றும், கண்ணுக்குக் கீழே மரத்துப்போவதும் ஏற்படக்கூடும். இந்த அறுவையைத் தொடர்ந்து செய்து வருபவரா, பின்னாளில் ஒரு இம்பிளான்ட் தோற்றால் என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். தயங்கத் தேவையில்லை.

கோவை வாசகி (பதில்):

என் அப்பாவுக்கு இரு பக்கமும் சைனஸ் உயர்த்தும் சிகிச்சை செய்தோம். பொறுமை இருந்தால் நல்ல முறைதான். அறுவை முடிந்தபின் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்துதான் தும்ம வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அழுத்தத்தில் சவ்வு கிழிந்துவிடுமாம். அப்பா பொடி போடும் பழக்கமுள்ளவர் என்பதால் அதை நிறுத்த வைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. எந்த முறையானாலும், நிலையான பல்லுக்கும் ஈறுக்கும் இடையே தினமும் சிறு பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய அம்மாவின் கையும் கண்ணும் ஒத்துழைக்குமா என்று இப்போதே யோசித்துவிடுங்கள், ஐயா. அதைப் பற்றி எங்களிடம் முன்கூட்டி யாரும் பேசவில்லை.

சேலம் வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்காக (ஆஸ்டியோபோரோசிஸ்) மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கொரு முறை சோலெட்ரானிக் அமிலம் டிரிப்ஸில் ஏற்றுகிறோம். இதைப் பல் மருத்துவர்களிடம் சொல்ல வேண்டுமா? இரண்டு இடத்திலும் கேட்கவில்லை.

முகத்தாடை அறுவை மருத்துவர்:

கட்டாயம் சொல்ல வேண்டும். எந்த முறை என்ற கேள்விக்கு முன்னால் நிற்பது இதுதான். இவ்வகை மருந்து எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைக்கிறது; அதனால் தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, அந்தப் பகுதி செத்துப்போவது உண்டு. புற்றுநோய்க்காக அடிக்கடி பெறுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால் அவர்களுக்கு இம்பிளான்டையே தவிர்ப்போம். எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கொரு முறை என்றால் ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடும்.

அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள், இடுப்பு எலும்பு முறிந்தால் அது இதைவிடப் பெரிய துன்பம். எலும்பு மருத்துவரிடம் கடைசியாக மருந்து ஏற்றிய தேதி, இதுவரை எத்தனை முறை, அடுத்தது எப்போது என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேனை அச்சிட்ட படமாக அல்லாமல் குறுந்தகடாகவே கேட்டுப் பெற்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு, அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வாய், முகத்தாடை அறுவைத் துறையில் மூன்றாவது கருத்தைக் கேளுங்கள். அவர்கள் அறுவை வேண்டாம் என்று சொன்னால், செயற்கைப் பல் சிறப்பு மருத்துவரிடம் புதிதாக அளவெடுத்துச் செய்யும் பல்செட்டே இப்போதுள்ளதைவிட எவ்வளவோ நன்றாக நிற்க வாய்ப்புண்டு. பழையது, இப்போது இல்லாத எலும்புக்கு எடுத்த அளவு.